பால்காரர் வீட்டு வரக்காப்பி

எங்கள் அப்பா பால்காரர். வில்பட்டியில் வீடும் மாட்டுக் கொட்டகையும். அங்கிருந்து நாயுடுபுரம், மூஞ்சிக்கல், ஆனந்தகிரி என்று கொடைக்கானலின் மேடு பள்ளமெல்லாம் 30 வருஷத்துக்கு மேல் பால் ஊற்றியவர். முதலில் சைக்கிள், அதையும் பாதி தூரம் தள்ளிக்கொண்டுதான் ஏற வேண்டும். அப்புறம் டி.வி.எஸ். 50. இன்றைக்கும் நாயுடுபுரத்தில் வயதானவர்கள் யாரும் என்னைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. "பால்காரர் மகதானே நீ" என்பார்கள். நானும் ஆமாம் என்பேன்.

அந்தப் பால்காரர் மகள் 2016-லிருந்து பால் குடிப்பதில்லை. தயிர், மோர், வெண்ணெய், நெய் எதுவும் கிடையாது. முட்டை, கறி, மீன் கிடையாது. ஏன் என்று கேட்காத ஆளில்லை. என் தையல் கடைக்கு ரவிக்கை தைக்க வருகிறவர்களிடம் "வயித்துக்கு ஒத்துக்கல" என்று சொல்லிவிடுவேன். பேச்சு அதோடு முடிந்துவிடும். அதில் ஒரு வசதி, யாரும் நம்ப மறுக்க மாட்டார்கள். பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் நொதி, பால்குடி மறந்தபின் உலகத்தில் பெரும்பாலானவர்களுக்குக் குறைந்துகொண்டே போகும். வடக்கைவிட நம் பக்கம் இது அதிகம். பால் குடித்தால் வயிறு பொருமும் என்பவர்கள் எல்லார் வீட்டிலும் ஒருவராவது இருப்பார்கள்.

ஆனால் எனக்கு அப்படி ஒன்றும் கிடையாது. ஒரு சொம்பு பால் குடித்தாலும் ஒன்றும் செய்யாது, கல்லையும் செரிக்கும் வயிறு. சொன்னது பொய்தான். நிஜக் காரணத்தை நின்றுகொண்டே சொல்ல முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் நாலு கறவை நின்ற காலத்திலும் நாங்கள் குடித்தது வரக்காப்பி. பால் விற்பதற்கு. இந்த வீட்டுக்கு ஒரு லிட்டர், அந்த வீட்டுக்கு அரை, டீக்கடைக்கு ஐந்து என்று கறப்பதற்கு முன்பே கணக்கு முடிந்திருக்கும். மிச்சம் விழுந்தால் தயிராகும், அந்தத் தயிரும் ஓட்டலுக்குப் போகும். கீழ்மலையில் தாண்டிக்குடிப் பக்கம் கட்டிக்கொடுத்த அத்தை காப்பிக்கொட்டை கொடுத்தனுப்புவார். அப்பத்தா அதை இரும்புச் சட்டியில் கருக வறுத்து, உரலில் இடித்து, கருப்பட்டி போட்டுக் கொதிக்க வைப்பார். விருந்தாளி வந்தால் மட்டும் பால் காப்பி. விருந்தாளி தம்ளரின் அடியில் கொஞ்சம் வைத்துவிட்டு எழுந்துபோக வேண்டும் என்று நானும் தம்பியும் கதவோரம் நின்று வேண்டிக்கொள்வோம்.

நான் பாலை விட்டதும் அப்பத்தாவிடம் பெருமையாகப் போய்ச் சொன்னேன், உங்கள் காலத்துக்கே திரும்பிவிட்டேன் என்று. அவர் பாக்கு இடிப்பதை நிறுத்தவில்லை. "நாங்க இல்லாம குடிக்கல. நீ வச்சுக்கிட்டுக் குடிக்கல. ரெண்டும் ஒண்ணாடி?" என்றார். அதற்கு நான் இன்னும் பதில் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். அப்பத்தா போய்ச் சேர்ந்துவிட்டார்.

நான் படித்தது, உடுத்தியது, தையல் பழகியது எல்லாம் அந்தப் பால் காசில். இதை மறைத்துவிட்டு மேலே எழுதினால் யாரையோ ஏமாற்றுவது போலிருக்கும்.

சரி, செவலைக்கு வருகிறேன்.

செவலை ஜெர்சிக் கலப்பு. எங்கள் குளிருக்கு ஜெர்சிதான் தாங்கும், கீழே வெயிலில் இருப்பதைவிட நன்றாகவும் கறக்கும். நான் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது அதற்கு மூன்றாம் ஈத்து. மார்கழியில் கன்று போட்டது, காளைக்கன்று. மார்கழியில் எங்கள் ஊரில் உறைபனி விழும். விடிகாலையில் புல்லைப் பார்த்தால் கல்லுப்பைப் பொடித்துத் தூவியது மாதிரி இருக்கும். கன்று பத்துப் பன்னிரண்டு நாள் இருந்தது. கழிச்சல் கண்டு ஒரு நாள் காலையில் எழுந்திருக்கவில்லை.

கன்று செத்தால் பசு சுரப்பு விடாது. மாடு வளர்த்தவர்களுக்கு இது தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மடியில் பால் இருக்கும், காம்பை இழுத்தால் வராது. கன்று முட்டி ஊட்ட வேண்டும், அல்லது பக்கத்தில் நிற்கவாவது வேண்டும். அதன் வாசனை பட வேண்டும். அப்போதுதான் பசுவுக்கு உள்ளே ஏதோ இளகி மடி இறங்கும். அதனால்தான் கறக்கும் முன் கன்றை ஒரு நிமிஷம் ஊட்ட விட்டு, வாயில் நுரை கட்டும் நேரம் பார்த்து இழுத்துக் கட்டுவார்கள். இழுத்துக் கட்டும் வேலை எங்கள் வீட்டில் என்னுடையது. கன்றுக்கு என்ன பலம் தெரியுமா! கழுத்துக் கயிறு என் உள்ளங்கையை அறுத்துவிடும்.

செவலையின் கன்று செத்த அன்றே அப்பா ஆள் வைத்துத் தோலை உரித்தார். உப்பும் மஞ்சளும் தடவிக் காயவைத்து, உள்ளே வைக்கோல் திணித்துத் தைத்து, மூங்கில் குச்சியில் நாலு கால் வைத்தார்கள். வைக்கோல்கூட வத்தலக்குண்டிலிருந்து வர வேண்டும், எங்கள் ஊரில் ஏது நெல்? கண் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டை. கறவை நேரத்துக்கு அதைத் தூக்கிக்கொண்டு போய்ச் செவலை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதுவும் என் வேலை.

செவலை முதல் நாள் மோந்து பார்த்தது. பின்னால் ஓரடி வைத்தது. மறுபடி மோந்தது. அப்புறம் நக்க ஆரம்பித்தது. கழுத்திலிருந்து முதுகு, முதுகிலிருந்து வால் வரைக்கும், உயிருள்ள கன்றை நக்குவது போல ஒரே சீராக. அப்பா கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்து விளக்கெண்ணெய் தொட்ட விரலால் காம்பைப் பிடித்தார். சர் சர்ரென்று பால் வாளியில் விழும் சத்தம் கேட்டது. "விட்ருச்சு, விட்ருச்சு, அசையாம பிடி தாயி" என்றார்.

ஒரு மாதத்தில் அந்தத் தோலில் முதுகுப் பக்கம் முடியே இல்லை. நக்கி நக்கி வழுவழுவென்று ஆகிவிட்டது, பழைய பெல்ட் மாதிரி. தையல் விட்ட இடத்தில் வைக்கோல் எட்டிப் பார்த்தது. செவலை அந்த வைக்கோலைக் கடித்துத் தின்னவில்லை. பக்கத்தில் தீவனத்துக்குப் போட்டிருந்த வைக்கோலைத் தின்றது, இதைத் தின்னவில்லை. அதுதான் எனக்குள் நின்றுவிட்டது. ஒரு நாள் அப்பாவிடம் கேட்டேன், அதுக்குத் தெரியாதாப்பா, இது பொம்மைன்னு. அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அதுக்கு அது போதும் தாயி" என்றார்.

அப்பாவைக் கல்நெஞ்சு என்று நினைத்துவிடக் கூடாது. சினை மாட்டை ராத்திரியெல்லாம் பார்த்துக்கொண்டு கொட்டகையிலேயே படுப்பவர். சுரப்புக்கு ஊசி போடும் ஆட்கள் ஊரில் இருந்தார்கள். அந்த மருந்தின் பெயர் ஆக்சிடோசின் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கறவைக்கு அதைப் போடுவது சட்டப்படி குற்றம். அப்பா ஒரு நாளும் போட்டதில்லை. பொங்கலுக்குக் கொம்புக்கு வண்ணம் அடிக்கும்போது ஒவ்வொரு மாட்டிடமும் தனித்தனியாக ஏதோ பேசுவார். அவர் செய்தது அந்தத் தொழிலில் எல்லாரும் செய்வது. இதை நான் அவரைக் காப்பாற்றச் சொல்லவில்லை. நல்லவர் கையிலும் இந்தத் தொழில் இப்படித்தான் நடந்தாக வேண்டியிருக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

2013-இல் எனக்கு மகள் பிறந்தாள். மாதம் முடியும் முன்பே பிறந்துவிட்டதால் ஒன்றே முக்கால் கிலோதான் இருந்தாள். கீழே ஒரு மருத்துவமனையில் அவளை இன்குபேட்டரில் வைத்துவிட்டு, என்னை வேறு வார்டில் போட்டிருந்தார்கள். பாலை எடுத்துக்கொடு, பாலாடையில் புகட்டுகிறோம் என்றார் நர்ஸ். எனக்கு வரவில்லை. பிதுக்கிப் பிதுக்கி வலிதான் மிச்சம். மார் கல்லாகக் கட்டிக்கொண்டது. இரண்டாம் நாள் ராத்திரி, பக்கத்துக் கட்டில்காரியின் குழந்தை வீறிட்டு அழுதது. என் குழந்தைகூட இல்லை. அந்த அழுகை காதில் விழுந்த மறுநிமிஷம் நெஞ்சுக்குள் ஊசியால் குத்துவது போல ஒரு சுருக். நைட்டி முன்பக்கம் முழுக்க நனைந்துவிட்டது. வார்டு ஆயா பார்த்துவிட்டு, "விட்ருச்சா, விட்ருச்சா, பாலாடையைக் கொண்டா" என்றார்.

அதே சொல். அப்பா சொன்ன அதே சொல்.

அந்த ஆயாவுக்குச் செவலையைத் தெரியாது. எனக்குத் தெரியும். நனைந்த துணியோடு உட்கார்ந்து அழுதேன். மகளை நினைத்து அழுகிறேன் என்று எல்லாரும் தேற்றினார்கள். மகளை நினைத்தும்தான். ஆனால் வாயில்லாத ஒரு ஜீவன் வைக்கோல் பொதியை ஏன் நக்கியது என்பது அன்றைக்குத்தான் என் உடம்புக்குப் புரிந்தது. அறிவுக்கு முன்பே தெரிந்திருக்கலாம், உடம்புக்கு அன்றுதான். பசுவுக்கும் பெண்ணுக்கும் சுரப்பை இறக்குவது ஒரே ஹார்மோன், அந்த ஆக்சிடோசின். சுமக்கும் கணக்கும் ஏறக்குறைய ஒன்றே, 280 நாள்.

அன்றைக்கே பாலை விட்டுவிட்டேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் அத்தை (மாமியாரைத்தான் சொல்கிறேன்) பூம்பாறை மலைப்பூண்டை உரித்துப் பசும்பாலில் வேகவைத்து, பனங்கற்கண்டு போட்டு ராத்திரி ராத்திரி கொடுத்தார். பிள்ளைக்குப் பால் ஊற வேண்டுமாம். சொம்பு சொம்பாகக் குடித்தேன். ருசி நாக்கில் இன்னும் இருக்கிறது. மூன்று வருஷம் கழித்துத்தான் விட்டேன்.

அதற்கும் ஒரு மாடுதான் காரணம். அப்பாவின் கடைசி மாடு, கருப்பி. செவலை வழியில் வந்தது. நாலு ஈத்துக்கு அப்புறம் சினை நிற்கவில்லை. சினை ஊசி போட்டார்கள், 21 நாளில் திரும்பிப் பருவத்துக்கு வந்தது. மறுபடி ஊசி, மறுபடி அதே. சினை பிடிக்காத மாட்டை எத்தனை நாள் கட்டித் தீனி போட முடியும்? பசு சும்மா பால் தராது, கன்று போட்டால்தான் தரும் என்பதை இன்றைக்குப் பாக்கெட் பால் வாங்கும் பிள்ளைகள் பலரும் யோசிப்பதில்லை. தவிடு, புண்ணாக்கு விலைக்குச் சும்மா நிற்கும் மாடு ஒரு குடும்பத்தைத் தின்றுவிடும். அப்பாவுக்கு மூட்டுவலி வேறு.

தரகர் வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து அப்பாவின் கைமேல் போட்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசினார். நான் திண்ணையில் மகளை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். துண்டுக்குள் இரண்டு கை, மேலே இரண்டு முகம். முகத்தில் ஒன்றும் தெரியாது. 16,000-க்கு முடிந்தது. அப்பா கேட்டார், "எங்க போகுது?" தரகர் சொன்னார், "வளப்புக்குத்தாண்ணே."

வளர்ப்புக்கு. மாடு விற்கும் எல்லா வாசலிலும் சொல்லப்படும் சொல் அது. கேட்கிறவருக்கும் தெரியும், சொல்கிறவருக்கும் தெரியும். பொள்ளாச்சிச் சந்தைக்குப் போய், அங்கிருந்து கேரளாவுக்குப் போகும். சினை நிற்காத மாட்டை வளர்க்க யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை. கருப்பி வண்டியில் ஏற மறுத்தது. அப்பா போய் முன்னால் நின்று "வா" என்றார். ஏறிவிட்டது.

அந்தப் பணத்தில் அப்பா எனக்கு மோட்டார் தையல் மெஷின் வாங்கிக் கொடுத்தார். இப்போதும் அதில்தான் தைக்கிறேன்.

அன்று சாயங்காலம் அந்த வீட்டில் முதல் தடவையாகப் பாக்கெட் பால் வாங்கி அம்மா டீ போட்டார். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு "தண்ணியா இருக்கு" என்றார். நான் என் தம்ளரை அப்படியே வைத்துவிட்டேன். மறுநாளும் தோன்றவில்லை. அதற்கு மறுநாளும். சபதமெல்லாம் இல்லை. ஒரு மாதம் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது, விட்டுவிட்டேன் என்று.

பெரும்பாலும் கறியை விட்டுவிட்டுத்தான் பாலுக்கு வருவார்களாம். நான் தலைகீழ். பால் போனது, தயிர் போனது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கோழிக்குழம்பு கொதிக்கும்போது, இது மட்டும் என்ன கணக்கு என்று தோன்றியது. அதைப் பற்றி எழுத அதிகமில்லை. கறியை விடுவது எனக்குச் சுலபமாக இருந்தது, தயிரை விடுவதுதான் உயிர் போனது.

இதற்கு ஒரு பெயர் உண்டு என்பதே அப்போது தெரியாது. அடுத்த வருஷம் சென்னையிலிருந்து சீசனுக்கு வந்திருந்த ஒரு பெண் கடையில் பேன்ட் பிடிக்கக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். டீ வாங்கி வரச் சொன்னேன். எனக்கு மட்டும் பால் இல்லாமல் வந்தது. "நீங்க வீகனா அக்கா?" என்றாள். "வேகன் ஆரா? இல்லம்மா, எங்க வீட்டுக்காரர் ஜீப்புதான் ஓட்டுறாரு" என்றேன். அவள் சிரித்துச் சிரித்து, அப்புறம் விளக்கினாள். 1944-இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் என்பவர் வெஜிடேரியன் என்ற சொல்லின் தலையையும் வாலையும் வெட்டி ஒட்டிச் செய்த சொல்லாம். பாலும் முட்டையும்கூட வேண்டாம் என்றவர்களுக்குத் தனிப் பெயர் தேவைப்பட்டிருக்கிறது. இப்போது நம் நாட்டிலும் 2022-இல் சட்டம் போட்டு, பொட்டலங்களில் ஒட்டப் பச்சை நிறத்தில் தனி முத்திரை கொடுத்திருக்கிறார்கள். தமிழில் நனிசைவம் என்கிறார்கள். அழகான சொல்தான். எனக்குத்தான் வாயில் வருவதில்லை.

காரணம் அந்தச் "சைவம்". நம் ஊரில் சைவம் என்பது சாப்பாட்டை மட்டும் குறிப்பதில்லை, யார் வீட்டில் யார் உட்காரலாம் என்பதையும் சேர்த்துக் குறிக்கிறது. "சுத்த சைவம்" என்று எழுதிய பலகையைப் பார்த்தால், அப்போ நாங்கள் அசுத்தமா என்று கேட்கும் வீட்டிலிருந்து வந்தவள் நான். கருப்பசாமிக்குக் கிடா வெட்டும் குடும்பம். ஊர்ப் பந்தியில் நான் வெறும் சோறும் ரசமும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது மாமா ஒருவர் உரக்கக் கேட்டார், "என்ன மருமகளே, ஐயராயிட்டியா?" பந்தியே சிரித்தது. "ஐயருன்னா நெய் கேப்பேனே மாமா, எனக்கு அதுவும் வேண்டாம்" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். நல்லவேளை, அதோடு விட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என்னைச் சிலர் தங்கள் கட்சியில் சேர்த்துக்கொள்ளப் பார்த்தார்கள், பசு நம் தெய்வம், மாட்டுக்கறி தின்பவன் பாவி என்கிறவர்கள். பால்காரர் மகளிடம் அது செல்லாது. பால் மாடும் கறி மாடும் வேறு வேறு மாடுகள் இல்லை. பால் வற்றினால் போகிற இடம் எல்லாருக்கும் தெரியும். காளைக்கன்று பிறந்தால் இன்னும் சீக்கிரம். அந்தக் காலத்தில் காளைக்கு ஏர் இருந்தது, வண்டி இருந்தது. திமில் இல்லாத ஜெர்சிக் கலப்புக் காளை நுகத்தடிக்கும் லாயக்கில்லை. யாருக்கும் வேண்டாத பிறவி. ஊட்டியில் அரசாங்கமே ஒரு நிலையம் வைத்திருக்கிறது, விந்தணுவைப் பிரித்துப் பெரும்பாலும் கிடேரிக் கன்றே பிறக்கும்படி ஊசி தயாரிக்க. பிறந்தபின் தள்ளிவிடுவதற்கு அது மேல் என்பேன். ஆனால் அப்படி ஒரு நிலையம் தேவைப்படுகிறது என்பதே காளைக்கன்றுகளின் கதையைச் சொல்லிவிடுகிறது. கறிக்கடைக்காரரைத் திட்டிவிட்டு வந்து டிகிரி காப்பி குடிப்பவர்களோடு எனக்கு ஒட்டாது. கறி தின்பவர் நேர்மையாகத் தின்கிறார்.

இதையெல்லாம் கேட்டு உடனே பாலை விட்டுவிடப் போகிறேன் என்று யாராவது கிளம்பினால், தயவுசெய்து கொஞ்சம் நில்லுங்கள். நான் செய்த முட்டாள்தனத்தையும் கேட்டுவிட்டுப் போங்கள்.

மூன்றாவது வருஷம், 2019 வாக்கில், கடையில் உட்கார்ந்து தைக்கும்போது பாதம் மதமதவென்று ஆகும். மெஷின் பெடலில் கால் இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கும். ஊசியில் நூல் கோக்கும்போது விரல் நுனி மரத்துக் கிடக்கும். நடுப்பகலில் தூக்கம், எதற்கெடுத்தாலும் எரிச்சல். முதலில் பார்த்த டாக்டர் சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இல்லை என்றதும் சத்து மாத்திரை எழுதி அனுப்பினார். என்ன சாப்பிடுகிறேன் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆறு மாதம் ஓடியது. இரண்டாவதாகப் பார்த்த டாக்டரம்மா முதல் கேள்வியே அதைத்தான் கேட்டார். ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவு 200-க்குக் கீழே போனாலே குறைபாடு என்கிறார்கள். எனக்கு 130 சொச்சம்.

பி12 செடியில் கிடையாது. கீரையிலும் இல்லை, பருப்பிலும் இல்லை. அதை உண்டாக்குவது நுண்ணுயிர்கள். நமக்குப் பால், முட்டை, கறி வழியாகத்தான் வந்து சேர்கிறது. ஒரு நாளைக்குத் தேவை 2 மைக்ரோகிராம் சொச்சம்தான், கண்ணுக்கே தெரியாது. ஈரலில் சில வருஷத்துக்கான சேமிப்பு இருக்கும். அதனால்தான் முதலிரண்டு வருஷம் "எனக்கு ஒன்றுமே ஆகவில்லையே" என்று மார்தட்டிக்கொள்ளலாம். சேமிப்பு தீர்ந்ததும் நரம்பைப் பிடிக்கும். கவனிக்காமல் விட்டால் திரும்பாத சேதம்கூட வரலாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊசி போட்டுச் சரியாக்கினார்கள். இப்போது வாரம் தவறாமல் மாத்திரை. இயற்கையாக வாழ்கிறேன், மாத்திரை எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை, பெடலில் கால் தெரியாமல் போன கதையைச் சொல்கிறேன்.

மற்றதெல்லாம் பெரிய விஷயமில்லை. சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகு இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல், பசும்பாலில் அதே எடைக்கு 120. கேழ்வரகிலிருந்து உடம்பு எடுத்துக்கொள்வது குறைவு என்கிறார்கள், அதனால் எள்ளுருண்டையும் முருங்கைக்கீரையும் சேர்த்துக்கொள்கிறேன். எங்கள் மலையில் விளையும் பட்டர் பீன்ஸைத் தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்தால் கறியைத் தேட வேண்டாம். பட்டர் ஃப்ரூட் சீசனில் அதை உப்பும் மிளகும் போட்டுப் பிசைந்து சப்பாத்திக்குத் தடவினால் வெண்ணெய் எதற்கு? பெயரிலேயே வெண்ணெய் இருக்கிறதே.

வீட்டுக்காரர் பால் டீதான் குடிக்கிறார். மகளுக்கு அவள் விரும்பியது. பள்ளிக்கூடத்தில் பிறந்தநாள் கேக் தின்றுவிட்டு வந்து என்னிடம் ரகசியம் போலச் சொல்வாள். நான் திட்டுவதில்லை. ஒரே அடுப்பில் இரண்டு டீச் சட்டி, அவ்வளவுதான் எங்கள் வீட்டுச் சண்டை.

நான் இதில் கறாரானவள் என்று நினைக்க வேண்டாம். முகூர்த்த மாதங்களில் என் கடையில் தொங்குவதில் பாதி பட்டு ரவிக்கை. புழுவைக் கூட்டோடு வெந்நீரில் போட்டு எடுத்த நூல் என்று தெரிந்தேதான் தைக்கிறேன். நான் உடுத்துவதில்லை, தைத்துக் காசு வாங்குகிறேன். அப்பா பால் விற்று வரக்காப்பி குடித்த கதைதான், வேறென்ன. கம்பளியும் அப்படி. மன்னவனூர் ஆட்டுப் பண்ணைக்குப் போய் அந்த ஆடுகளைப் பார்த்து ரசித்துவிட்டு வந்து, நைலான் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நடுங்குகிறேன். ஆட்டு மயிருக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே எது பெரிய பாவம் என்று எனக்குத் தெளிவில்லை. பழைய கம்பளிச் சால்வை ஒன்று அம்மாவுடையது, அதை இன்னும் விடவில்லை.

என்னை ஒவ்வொரு வருஷமும் தோற்கடிப்பது பழனிப் பஞ்சாமிர்தம். தைப்பூசத்துக்கு அப்பா முன்பெல்லாம் பால் காவடி எடுப்பார், மலையிறங்கி நடந்தே போவோம். மலை வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, ஏலக்காய் எல்லாம் சரி, கூடவே நெய்யும் தேனும். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பிரசாதம். முருகன் கொடுப்பதை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சுண்டுவிரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துக்கொள்கிறேன். அந்த நுனிக்கு மேல் போகாமல் இருக்க நான் படும் பாடு எனக்கும் அவனுக்கும்தான் தெரியும்.

தயிர் பற்றிச் சொன்னேன் அல்லவா. தயிர் இல்லாமல் ஒரு வருஷம் தவித்துவிட்டு, நிலக்கடலையில் செய்யக் கற்றுக்கொண்டேன். ஒரு தம்ளர் பச்சைக் கடலையை ராத்திரி ஊறவைத்து, தோல் நீக்கி, நாலு தம்ளர் தண்ணீர் விட்டு அரைத்து வடிகட்ட வேண்டும். அடி பிடிக்காமல் கிண்டிக்கொண்டே காய்ச்ச வேண்டும், இல்லையென்றால் கடலைவாடை போகாது. வெதுவெதுப்பானதும் பச்சை மிளகாயைக் காம்போடு இரண்டு கிள்ளிப் போட்டால் போதும், காம்பில் இருக்கும் கிருமியே உறைய வைக்கும். இது கீழே இருப்பவர்களுக்கு. கொடைக்கானலில் பசும்பாலே மார்கழியில் உறையாது. அரிசி டின்னுக்குள் புதைத்து, மேலே போர்வை சுற்றி, ஒரு ராத்திரி ஒரு பகல் காத்திருக்க வேண்டும். முதல் தயிர் நூல் நூலாக வந்தது. நாலாவது தடவை வெட்டி எடுக்கும்படி விழுந்தது. தாளித்து, மாங்காய் நறுக்கிப் போட்டு, தயிர்சோறு சாப்பிட்டுவிட்டு மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

அப்பா இப்போது எங்களோடுதான் இருக்கிறார். மாடு இல்லாத கை சும்மா இருக்காது, கடலைத் தோல் நீக்கித் தருவார். நான் பாலை விட்டதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் செவலை பற்றியோ கருப்பி பற்றியோ அவரிடம் பேசியதில்லை. இதை அவர் படிக்க மாட்டார்.

போன மாதம் ஒரு நாள் காலையில் கடலைப் பாலை வடிகட்டி வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் அப்பா அடுப்படியில் நிற்கிறார். பழைய தகரப் பெட்டியிலிருந்து, பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் தன் லாக்டோமீட்டரை எடுத்து, துணியால் துடைத்து, உயரமான தம்ளரில் கடலைப் பாலை ஊற்றி அதில் மிதக்கவிட்டிருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, குனிந்து, கோட்டைப் பார்த்தார். நல்ல பசும்பால் என்றால் 28-க்குக் குறையாது.

"பதினாலுதான் காட்டுது தாயி" என்றார். "ரொம்பத் தண்ணி ஊத்திட்ட."

மறுநாள் மூன்று தம்ளர் தண்ணீர்தான் விட்டேன்.